பத்தொன்பது மஞ்சள் புள்ளிகள்

கடிதத்தை மேசைமேல் வைத்த பிறகும் அந்தப் பெண் கையை எடுக்கவில்லை. அது பறந்துபோய்விடும் என்று பயந்தவள்போல நான்கு விரல்களால் அழுத்திக்கொண்டே பேசினாள்.

"நான் அளக்காமலே அளந்ததா எழுதிட்டேன்னு போட்டிருக்காங்கம்மா. நாளைக்கு மூணு மணிக்கு விசாரணை. இந்த ஒரு வரியோட என்னை வெளிய அனுப்பிட்டா, அப்புறம் எந்தக் கம்பெனி அளவு ரூம்லயும் என்னை வாசல்படி மிதிக்க விட மாட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான்."

எதிரே இருந்த பெண்மணி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். எடை அளவு ஆய்வாளராக முப்பது வருடம் கடை கடையாக ஏறி இறங்கியவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரைத் தராசம்மா என்றே அழைத்தது. மற்றவர்கள் சண்டை போட்டுத் தீர்க்கும் விஷயங்களை அளந்து தீர்ப்பவர் என்று பெயர். அவருடைய கணவர் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பார். அந்த எட்டு மாதமும் கணவரின் தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்து, கூப்பிடாமலேயே எல்லா வழக்குகளிலும் கலந்துகொள்வார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் என்றுதான் எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணி, இது யாரோ வேணும்னே மாட்டிவிட்ட கேஸ்," என்றார் விசில், இன்னும் எதுவும் கேட்பதற்கு முன்பே.

"டிக்கெட் கிழிக்கிறதுக்கு முன்னாடி எங்க போறாங்கன்னு கேளுங்க தம்பி," என்றார் தராசம்மா. பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "முதல்லேருந்து சொல்லும்மா. எனக்குத் துப்பாக்கி பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு வெச்சுக்கோ."

"தெரியாது அண்ணி உங்களுக்கு," என்று விசில் சேர்த்துக்கொண்டார்.

அளவு சரிபார்க்கும் செக்கர் அந்தப் பெண். அவள் சொல்லத் தொடங்கினாள். அவள் வேலை பார்ப்பது விளையாட்டுச் சுடுதலுக்கான கைத்துப்பாக்கி செய்யும் சிறிய தொழிற்சாலை. துப்பாக்கியின் கீழ்ப்பாகம், அதாவது கைப்பிடியோடு கூடிய பிரேம், பாலிமரில் வார்த்தது. அதில் நான்கு சிறிய எஃகுத் துண்டுகள் பதிந்து இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைத் தண்டவாளம் என்பார்கள். மேல்பாகம் ஸ்லைடு, முழு எஃகு. அதன் உள்ளே இருக்கும் காடிகள் தண்டவாளத்தில் ஏறி முன்னும் பின்னும் ஓட வேண்டும்.

"ஸ்பிரிங் போடாம பிரேமைச் சாய்ச்சா, ஸ்லைடு தன் எடையிலேயே வழுக்கி இறங்கணும். அதுதான் எங்க கணக்கு. ஸ்லைடு எல்லாம் மயிரிழை வித்தியாசத்துல மூணு ரகமா இருக்கும். ஒடுக்கமானதுக்கு மஞ்சள் புள்ளி, நடுத்தரத்துக்கு வெள்ளை, அகலமானதுக்கு நீலம். நான் டயல் கேஜ்ல பிரேமோட அகலத்தைப் பாத்து, எந்த நிறம்னு எழுதிக் குடுப்பேன். மேஸ்திரி அந்த நிற ஸ்லைடை எடுத்துக் கோப்பார்."

"அப்போ பிரச்சினை?"

"ஒரு கிளப்புக்கு அறுபது துப்பாக்கி போச்சு. போனப்போ எல்லாம் ஓடிச்சு. மூணு வாரம் கழிச்சு பத்தொன்பது திரும்பி வந்திருச்சு. ஸ்லைடு பாதியில நிக்குது. முப்பத்தொண்ணாம் நம்பர்லேருந்து நாப்பத்தொன்பது வரைக்கும், வரிசையா. மேஸ்திரி அந்தப் பிரேமையெல்லாம் மறுபடி அளந்தார். பிளஸ் ஒண்ணு, பிளஸ் ரெண்டு, பிளஸ் மூணுன்னு வருது. எல்லாமே வெள்ளைப் புள்ளி போட வேண்டிய அளவு. நான் எழுதினது..."

அவள் ஒரு நோட்டின் நகலை எடுத்து நீட்டினாள். முதல் முப்பது வரிகளில் எண்கள் மேலும் கீழுமாக அலைந்தன. பிளஸ் நான்கு, பூஜ்யம், மைனஸ் ஒன்று, பிளஸ் ஐந்து. முப்பத்தொன்றிலிருந்து மைனஸ் ஏழு, மைனஸ் ஏழு, மைனஸ் எட்டு, மைனஸ் ஏழு என்று பத்தொன்பது வரிகள் ஒரே மாதிரி நடந்தன. எல்லாவற்றுக்கும் மஞ்சள். ஐம்பதிலிருந்து எண்கள் மறுபடி அலையத் தொடங்கின.

"பிளஸ், மைனஸ்னா?"

"முள் பூஜ்யத்துக்கு வலப்பக்கம் எத்தனை கோடு, இடப்பக்கம் எத்தனை கோடுங்கறது. ஒரு கோடு ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு. மைனஸ் ஒன்பதுக்குக் கீழ போனா பிரேமையே கழிச்சிடணும்."

விசில் நோட்டை எட்டிப் பார்த்தார். அவருடைய உற்சாகம் சற்று இறங்கியது. "ஒரே மாதிரி இருக்கேம்மா. நாங்களும் டிரிப் ஷீட்டை உக்காந்த இடத்துலயே நிரப்பினா இப்படித்தான் வரும்."

"அதேதான் அவங்களும் சொல்றாங்க. அன்னிக்கு வார லீவு முடிஞ்சு முதல் நாள். பையனுக்குப் பல் வலி. நாப்பது நிமிஷம் லேட்டா போனேன். அதை ஈடு கட்ட பத்தொன்பதைக் கண்ணை மூடிக்கிட்டு எழுதிட்டு, அப்புறம் மனசு கேக்காம ஒழுங்கா அளந்தேனாம்."

"இங்க ஓரத்துல ஒரு கேள்விக்குறி இருக்கே?"

"நான்தான் போட்டேன். என்னடா எல்லாம் இவ்வளவு சின்னதா வருதுன்னு மேஸ்திரிகிட்ட கேட்டேன். லிமிட்டுக்குள்ள இருக்குல்ல, போடுன்னார். இப்போ அப்படி ஒரு பேச்சே நடக்கலைங்கறார்."

தராசம்மா நீண்ட நேரம் அந்தப் பத்தொன்பது வரிகளைப் பார்த்தார். "பத்தொன்பது," என்றார் தனக்குத்தானே. "ஏன் இருபது இல்லை?"

*

விசாரணைக்குத் துணையாக ஓரிருவரை அழைத்து வரலாம் என்று கடிதத்திலேயே இருந்தது. அதைக் காட்டியதும் காவலாளி வழிவிட்டார். முதலாளி இளம் வயதில் சுடுதல் வீரராக இருந்தவர். இடது காது கேட்காது. யார் பேசினாலும் வலது காதைத் திருப்பிக்கொண்டு, எதிராளியை விட்டுச் சுவரைப் பார்ப்பதுபோல நிற்பார்.

"உங்களை எங்கயோ பாத்திருக்கேன்," என்றார் சுவரிடம்.

"பதினாலு வருஷம் முன்னாடி உங்க கிடங்குத் தராசுல முந்நூறு கிராம் கூடக் காட்டுதுன்னு சீல் வெச்சுட்டுப் போனேன்."

முதலாளி சிரித்தார். "அப்போ நியாயம்தான் பண்ணினீங்க. இப்பவும் பண்ணுங்க. அந்தப் பொண்ணு ஒன்பது வருஷமா என்கிட்ட இருக்கு. ஆனா கிளப்காரன் முன்னால எனக்கு ஒரு பதில் வேணும்."

கிளப்பில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாற்பத்தொன்றையும் சோதனைக்காகத் திரும்ப வரவழைத்திருந்தார்கள். அளவு அறையின் நீண்ட மேசையில் அறுபது பிரேம்களும் இரண்டு தட்டுகளில் கிடந்தன. ஸ்லைடுகள் கழற்றித் தனியே அடுக்கப்பட்டிருந்தன. மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐம்பது வயது, எண்ணெய் படாத வெள்ளைச் சட்டை.

தராசம்மா சிக்கியவற்றில் ஒன்றை எடுத்து அதற்குரிய மஞ்சள் புள்ளி ஸ்லைடை ஏற்றிச் சாய்த்தார். பாதி தூரம் வந்து நின்றது. தட்டினார். நகரவில்லை. அதே ஸ்லைடைத் தனியே திருப்பிப் பார்த்தார். காடிகள் பளபளவென்று, கீறல் இல்லாமல் இருந்தன.

"ஸ்லைடு சரிதானா?"

"பத்தொன்பதையும் அளந்துட்டேன். மஞ்சள்னா மஞ்சள்தான்," என்றார் மேஸ்திரி.

பிறகு பிரேம்களைக் கேஜில் வைத்துப் பார்த்தார்கள். பிளஸ் இரண்டு, பிளஸ் ஒன்று. மேஸ்திரி சொன்னது பொய்யில்லை. தராசம்மா கைப்பையிலிருந்து ஒரு சிறு மின்தராசை எடுத்தார். சிக்கிய பிரேம் ஒன்று, சிக்காத பிரேம் ஒன்று என்று மாறி மாறி எடை போட்டார். வித்தியாசமே இல்லை.

"போச்சு," என்றார் விசில். "அவ்வளவு தூரம் தராசைத் தூக்கிட்டு வந்தது வீண்."

"ஒண்ணுமில்லைங்கறதும் ஒரு பதில்தான் தம்பி. இன்னிக்கு இந்த அறுபதும் கூடப் பிறந்ததுங்க மாதிரி இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கத்தானே எடை போட்டேன்."

விசில் சலிப்போடு ஒரு பிரேமைக் கையில் எடுத்துத் திருப்பினார். பக்கவாட்டில் கிளப்பின் சின்னம் பொறிக்கப்பட்டிருந்தது. கிளையில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி. "ஆனா வேலைப்பாடு பாருங்க அண்ணி. இறகு இறகா எண்ணலாம். வெள்ளை வெளேர்னு." இன்னொரு தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். "இது மழையில நனைஞ்ச குருவி மாதிரி இருக்கு. சாம்பல் பூத்து, ஓரமெல்லாம் கலங்கி. ஒரே ஆளா இதைச் செஞ்சது?"

"ஒரே ஆள்தான்," என்றாள் செக்கர் பெண். "போர்டு அண்ணன். முன்னாடி கடை போர்டெல்லாம் எழுதினவர். இப்போ லேசர் மெஷின் பாக்குறார். எனக்காக முதலாளிகிட்டப் போய்ப் பேசின ஒரே ஆள் அவர்தான்."

தராசம்மா இரண்டு பறவைகளையும் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். வெளுத்த பறவை இருந்த பிரேமைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினார். கைப்பிடியின் குழியிலிருந்து ஏதோ விழுந்தது. கறுப்பாக, பென்சில் முனையை நறுக்கிப் போட்டதுபோல ஒரு சிறு துணுக்கு. அதைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"குப்பை," என்றார் மேஸ்திரி.

"இருக்கலாம்," என்றார் தராசம்மா.

*

வார்ப்புக்கூடத்தில் மூட்டை மூட்டையாக அதே கறுப்புத் துணுக்குகள் இருந்தன. அச்சுக்காரர் வெப்பத்தில் சிவந்த முகத்தோடு வந்து விளக்கினார். அந்த மணிகளை உருக்கித்தான் பிரேம் வார்க்கிறார்கள். மூலையில் ஆள் உயரத்துக்கு ஓர் உலர்த்தும் அடுப்பு இருந்தது. உள்ளே ஒரே ஓர் அகலத் தட்டு. தட்டின் இடது மூலையில் வெப்பமானியின் குழாய் மேலிருந்து இறங்கி நின்றது.

"மணியை ஏன் உலர்த்தணும்?"

"இந்தச் சரக்கு காத்துலேருந்தே தண்ணி குடிக்கும்மா. ஈரத்தோட உருக்கினா குமிழி விட்டுடும்."

"வார்த்த பிறகு?"

"தொட்டியில வெந்நீர்ல மூணு நாள் ஊற வெப்போம்."

விசில் இடுப்பில் கை வைத்தார். "உலர்த்துறீங்க, அப்புறம் ஊற வெக்கிறீங்க. ஏதாவது ஒண்ணைத் தீர்மானமாச் செய்யக் கூடாதா?"

அச்சுக்காரர் சிரித்தார். "எப்படியும் அது தண்ணி குடிச்சே தீரும். கிளப்புல போய்க் குடிக்கிறதுக்கு இங்கயே குடிச்சிட்டுப் போகட்டும்னுதான்."

"அது எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டார் தராசம்மா.

"யாருக்கு? மத்தவங்க எல்லாம் அச்சுல ஒட்டின எண்ணெயைக் கழுவுறோம்னு நெனச்சுக்கிட்டு இருப்பாங்க. எங்க வேலையை யாரு வந்து பாக்குறா? அவங்க மேசையை நாங்க போய்ப் பாக்குறதும் இல்லை."

தராசம்மா விசிலைக் காவலாளியிடம் அனுப்பி, வாயில் பதிவேட்டை வாங்கி வரச் சொன்னார். அவர் போன இடைவெளியில், அச்சுக்காரரிடம் மீதமிருந்த பழைய பிரேம்களைக் கொண்டுவரச் சொல்லி அடுப்புத் தட்டில் ஒவ்வொன்றாக அடுக்க வைத்தார். விசில் மூச்சிரைக்கத் திரும்பியபோது இருவரும் தட்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணி எண்ணினீங்க?"

"உங்க பஸ்ல டிரைவர் டூல் பாக்ஸ் ஒரு சீட்டை அடைச்சுக்குமே, ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி ஒரு சங்கதி."

பதிவேட்டில் ஒரு பக்கத்தைத் தேடிப் படித்தார். யார் பெயரைப் பார்த்தார் என்று விசில் எட்டிப் பார்ப்பதற்குள் மூடிவிட்டார். பிறகு முதலாளியை அழைத்துவந்து ஒரு வேண்டுகோள் வைத்தார். முப்பத்தேழாம் எண் பிரேமை இந்த அடுப்பில் வைத்து, மணிகளை உலர்த்தும் அதே சூட்டில் விட வேண்டும். கதவைப் பூட்டிச் சாவியை முதலாளியே சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். நாளை மூன்று மணிக்கு அவரே திறக்க வேண்டும்.

"வெந்துடாதே?" என்றார் முதலாளி.

"இதுக்கு இந்தச் சூடு வெயில்ல காயுற மாதிரிங்க," என்றார் அச்சுக்காரர்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் விசில் பொறுக்கமாட்டாமல் பேசினார். "அண்ணி, நான் விசாரிச்சுட்டேன். மேஸ்திரியோட மச்சினி பொண்ணு அளவு ரூம் வேலைக்கு மனு போட்டிருக்கா. போதாதா? அவர்தான் நல்ல பிரேமை எல்லாம் மாத்தி வெச்சிருக்கார்."

"பிரேம்ல நம்பர் வார்த்திருக்கு. எப்படி மாத்துவார்?"

இரண்டு தெரு தாண்டியதும் விசில் மறுபடி தொடங்கினார். "அப்போ அந்தப் பொண்ணு நிஜமாவே..."

"அவ அளக்காம எழுதியிருந்தா, தம்பி, எந்த எண்ணை எழுதியிருப்பா? அதை யோசிச்சுக்கிட்டே சாப்பிடுங்க."

*

மறுநாள் மூன்று மணிக்கு முதலாளியின் அறையில் ஆறு நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. மேஸ்திரி, அச்சுக்காரர், சாட்சியாக வந்த போர்டுக்காரர், செக்கர் பெண், தராசம்மா, விசில். போர்டுக்காரர் மெலிந்த மனிதர். விரல் நுனிகளால் முழங்காலில் ஏதோ எழுத்தை வரைந்துகொண்டே இருந்தார். முதலாளியின் மேசைமேல் டயல் கேஜும் பிரேம்களும் மூன்று நிற ஸ்லைடுகளும் இருந்தன.

"முதல்ல மேஸ்திரியை ஒண்ணு கேக்கறேன்," என்று தராசம்மா தொடங்கினார். "இந்தப் பொண்ணு பொய் எழுதினான்னு ஏன் சொல்றீங்க?"

"பத்தொன்பதும் ஒரே எண்ணா வராது. வார்ப்புன்னா கூடக் குறைய இருக்கும். நான் இருபத்தஞ்சு வருஷமாப் பாக்குறேன்."

"சரி. பொய் எழுதுறவங்க எதுக்கு எழுதுவாங்க? யாரும் கேள்வி கேக்கக் கூடாதுன்னுதானே? பூஜ்யம்னு எழுதலாம், பிளஸ் ரெண்டுன்னு எழுதலாம். யார் கண்ணுலயும் படாது. மைனஸ் ஒன்பதுக்குக் கீழ போனா பிரேமைக் கழிக்கணும்னு சட்டம். இவ மைனஸ் எட்டுன்னு எழுதி, பக்கத்துல கேள்விக்குறியும் போட்டு, உங்ககிட்ட வந்து கேட்டும் இருக்கா. திருடப் போறவன் தானே விளக்கைப் போட்டுக்குவானா?"

விசில் தொடையில் தட்டிக்கொண்டார். நேற்று இரவுச் சாப்பாட்டின்போது அவருக்குக் கிடைக்காத விடை அது.

"அதனால அவ கண்ணால பாத்ததைத்தான் எழுதியிருக்கான்னு வெச்சுக்கிட்டேன். ஆனா மேஸ்திரி அளந்ததும் உண்மை. நானே பாத்தேன். ரெண்டு பேரும் உண்மை சொல்றாங்கன்னா, நடுவுல மாறினது பிரேம்தான். அஞ்சு வாரம் முன்னாடி அந்தப் பத்தொன்பது மட்டும் ஒல்லியா இருந்திருக்கு. ஒல்லியா இருந்ததாலதான் ஒடுக்கமான மஞ்சள் ஸ்லைடு குடுத்தா. அப்புறம் அது பழைய உடம்புக்கு வந்துடுச்சு. சட்டை பத்தலை."

"பிளாஸ்டிக் எப்படிம்மா இளைக்கும்?" என்றார் முதலாளி, வலது காதை அவர் பக்கம் திருப்பி.

"சாவி வெச்சிருக்கீங்களே. போய் எடுத்துட்டு வாங்க."

முதலாளி தாமே போனார். துணியில் பொதிந்த முப்பத்தேழாம் பிரேமோடு திரும்பி வந்தார். அது ஆறும் வரை காத்திருந்தார்கள். அடுப்புக்குப் போகும் முன் அது காட்டிய அளவை முதலாளியே தன் கையால் எழுதி வைத்திருந்தார். பிளஸ் இரண்டு. இப்போது கேஜில் பொருத்தினார். முள் நடுங்கி, பூஜ்யத்தைத் தாண்டி இடது பக்கம் போய் நின்றது. அவர் கண்ணாடியை உயர்த்திக் குனிந்து கோடுகளை எண்ணினார். ஒரு தடவை எண்ணியது போதாமல் மறுபடி எண்ணினார்.

"ஏழு," என்றார். "மைனஸ் ஏழு."

தராசம்மா நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். முப்பத்தேழுக்கு நேரே, அந்தப் பெண்ணின் சின்ன எழுத்தில், மைனஸ் ஏழு.

செக்கர் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் ஒரு முறை குலுங்கியது. அவ்வளவுதான்.

"இந்தச் சரக்கு தண்ணி குடிக்கும்னு அச்சுக்காரர் சொன்னார். குடிச்சா பருக்கும், காய வெச்சா இளைக்கும். அதுக்காகத்தான் ஊற வெச்ச பிறகு அளக்குறது. யாரோ ஊறின பிரேமை மறுபடி காய வெச்சிருக்காங்க. ஒரே அடுப்பு, ஒரே சூடு, எல்லாம் ஒண்ணுபோல காஞ்சுபோச்சு. மேஸ்திரி சந்தேகப்பட்டாரே, ஒரே மாதிரி எண், அது அங்கேருந்து வந்ததுதான். கிளப்போட துப்பாக்கி அறை எங்க இருக்கு?"

"ஓடைக்கரையில. அடித்தளம்," என்றார் முதலாளி.

"மூணு வாரம் அந்த ஈரத்தைக் குடிச்சு, விட்ட இடத்துக்கே வந்துடுச்சு."

"அது சரி அண்ணி, ஏன் பத்தொன்பது?" விசிலால் அடக்க முடியவில்லை.

"அடுப்புல ஒரே தட்டு. நாலு வரிசை, வரிசைக்கு அஞ்சு பிரேம். ஆனா ஒரு மூலையில வெப்பமானிக் குழாய் நிக்குது. இருபதாவது உக்காராது." மடித்த காகிதத்தைப் பிரித்துக் கறுப்புத் துணுக்கை மேசைமேல் வைத்தார். "முப்பத்தொன்பதாம் பிரேமோட குழியில இது இருந்துச்சு. உருக்காத மணி. முடிஞ்ச பிரேமுக்குள்ள இது விழுற இடம் அந்தத் தட்டு ஒண்ணுதான்."

"அப்போ அச்சுக்காரர்!" விசில் பாதி எழுந்துவிட்டார்.

"உக்காருங்க தம்பி. அவருக்கு இது இளைக்கும்னு தெரியும். தெரிஞ்சவர் செய்ய மாட்டார். தெரியாத ஒருத்தர், காய வெச்சா தன் வேலை நல்லா வரும்னு கண்டுபிடிச்ச ஒருத்தர்." அவர் இரண்டு பிரேம்களை அருகருகே வைத்தார். ஒன்றில் சாம்பல் பறவை. மற்றதில் இறகு இறகாக எண்ணத்தக்க வெள்ளைப் பறவை. "நேத்து அறுபதையும் பாத்தேன். வெளுத்த பறவை பத்தொன்பது. ஸ்லைடு சிக்கினதும் அதே பத்தொன்பது."

வாயில் பதிவேடு அவர் மடியில் இருந்தது. அதை அவர் திறக்கவில்லை.

முழங்காலில் எழுதிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. போர்டுக்காரர் எழுந்தார்.

"நான்தான்," என்றார். "முதல் முப்பதும் அழுக்கா வந்துச்சு. ஈரம் இருந்தா லேசர் பட்ட இடம் பொங்கிடுது. அறுபது பேர் கையில என் பறவை இப்படியா போகணும்னு மனசு கேக்கலை. லீவுக்கு முந்தின சாயங்காலம் மிச்சத்தைக் கொண்டுபோய் அடுப்புல வெச்சேன். பத்தொன்பதுதான் கொண்டுச்சு. மறுநாள் லீவுன்னாலும் வாசல்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்து, எடுத்துப் பொறிச்சேன். தொட்டியில போடறது எண்ணெய் கழுவத்தான்னு நெனச்சேன்மா. இதனாலதான்னு தெரிஞ்சிருந்தா..." அவர் செக்கர் பெண்ணைப் பார்த்தார். "உனக்காகப் பேசுறேன்னு பெருமையா வந்து உக்காந்திருக்கேன் பாரு."

"எனக்குத் தெரியும் அண்ணே, உங்களுக்குத் தெரியாதுன்னு," என்றாள் அவள். "ஆனா அந்தப் பத்தொன்பதையும் கையில எடுத்தப்போ பறவை அழகா இருக்கேன்னு பாத்தேன். ஏன்னு கேக்கத் தோணலை. அது என் மேசை வேலை இல்லைன்னு விட்டுட்டேன்."

முதலாளி பிரேம்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இப்போ இதை என்ன பண்ணுறது? பத்தொன்பதையும் உடைச்சுப் போடணுமா?"

"எதுக்கு? பிரேமும் நல்ல பிரேம், ஸ்லைடும் நல்ல ஸ்லைடு. ஜோடிதான் தப்பு." தராசம்மா சிக்கியிருந்த நாற்பத்து நான்காம் பிரேமை எடுத்து மேஸ்திரியிடம் நீட்டினார். "வெள்ளைப் புள்ளி ஒண்ணு ஏத்துங்க."

மேஸ்திரி ஏற்றினார். பிரேமை மெல்லச் சாய்த்தார். ஸ்லைடு ஒரு பெருமூச்சுச் சத்தத்தோடு வழுக்கி வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. கேட்காத காதுக்காரர்கூட அந்தச் சத்தத்துக்குத் திரும்பினார்.

மேஸ்திரி ஸ்லைடைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "அறுபதுல ரெண்டோ மூணோ மஞ்சள் வரும். அன்னிக்குப் பத்தொன்பது மஞ்சளை வரிசையா எடுத்துக் கோத்தது நான்," என்றார். "இந்தப் பொண்ணு வந்து கேட்டுச்சு. லிமிட்டுக்குள்ள இருக்குல்ல, போடுன்னு சொன்னேன். சொன்னது ஞாபகம் இருக்கு, முதலாளி. ஞாபகம் இல்லைன்னு சொன்னதும் நான்தான்."

முதலாளி கடிதத்தை எடுத்து நான்காக மடித்தார். கிழிக்கவில்லை. மடித்ததை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "இது எனக்கு ஞாபகத்துக்கு இருக்கட்டும்," என்றார். பிறகு அச்சுக்காரரிடம் திரும்பினார். "தொட்டி எதுக்குன்னு பெருசா எழுதி அது மேலயே மாட்டுங்க. எழுத ஆள்தான் இருக்கே."

போர்டுக்காரர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது.

எல்லோரும் அளவு அறைக்குத் திரும்பினார்கள். மேஸ்திரி தன் மேசை இழுப்பறையைத் திறந்து, பத்து நாள் முன்பு அவளிடமிருந்து பறித்து வைத்திருந்த, அளந்ததற்கு அடையாளமாகக் குத்தும் தேதி முத்திரையை எடுத்தார். தன் வெள்ளைச் சட்டையின் ஓரத்தாலேயே மையைத் துடைத்து அவள் மேசையில் வைத்தார். பக்கத்தில் நாற்காலியையும் சரியாக நகர்த்திப் போட்டார்.

அவள் உட்கார்ந்தாள். முத்திரையைத் தூக்கி, பழக்கம் மாறாமல் பூதக்கண்ணாடிக்கு அடியில் பிடித்துப் பார்த்தாள்.

"தேதி பத்து நாளா ஒரே இடத்துல நிக்குது அண்ணே," என்றாள். பிறகு பல் சக்கரத்தை விரல் நகத்தால் ஒவ்வொரு நாளாகத் தள்ளத் தொடங்கினாள்.